பனைமர மூலை

மாலதி புல் பார்க்கிற வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்த அன்று குப்பத்தில் சிரிக்காத ஆள் இல்லை. மாடு பார்க்கிற வேலை உண்டு, தோப்பு பார்க்கிற வேலை உண்டு. புல்லைப் பார்க்க ஓர் ஆளா? அதுவும் யார்? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பழவேற்காடு ஏரியில் இறங்கி, முட்டி போட்டுத் தவழ்ந்து, வெறுங்கையால் இறால் பிடித்த வீட்டுப் பெண். "மாடு ஓட்டிக்கினு போறியா, இல்ல நீயே மேயப் போறியா?" என்று பக்கத்து வீட்டு சரோஜா கேட்டாள். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மாலதி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு போனாள்.

வேலை ராஜேந்திரன் சார் வீட்டில். திருப்பாலைவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தால், ஏரி கண்ணில் படுவதற்குச் சற்று முன்னால் பச்சை கேட் போட்ட பங்களா ஒன்று வரும். அதுதான். கப்பல் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னையில் வீடு, சனி ஞாயிறுக்கு இங்கே. வேலையில் இருந்த காலத்தில் ஊர் ஊராகப் போய் கோல்ஃப் ஆடிப் பழகியவர். மைல் கணக்கில் நடந்து ஆடுகிற அந்த ஆட்டத்தின் கடைசித் துண்டு, பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழவைப்பது. வயதான காலத்தில் அந்தக் கடைசித் துண்டை மட்டும் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் வைத்துக்கொண்டார். ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்குப் புல்தரை, அதில் டம்ளர் அளவுக்கு ஒரு குழி, குழியில் நட்ட சின்னச் சிவப்புக் கொடி. ஓரத்தில், மனை வாங்கும்போதே அங்கே நின்றிருந்த ஒற்றைப் பனைமரம். குப்பத்தில் அதற்குப் பாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சார் வீட்டுப் பாய்.

பாய் என்றால் விரித்தால் விரித்தபடி கிடக்கும். இது அப்படியா கிடந்தது? காலையில் முதல் வேலையாக நீளமான மூங்கில் கழியைப் புல்மேல் படுக்கைவாட்டில் இழுத்துப் பனியைத் தட்டிவிட வேண்டும். விட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தள்ளு மெஷினால் வெட்ட வேண்டும். போன தடவை தெற்கு வடக்காக வெட்டியிருந்தால் இந்தத் தடவை கிழக்கு மேற்காக. சலித்த ஆற்று மணலைக் கையால் தூவி, அது புல்லுக்குள் இறங்கும்படி துடைப்பத்தால் கூட்ட வேண்டும். ஏரிக்கரை மணலை அள்ளிப் போட முடியாது, உப்பு. போர்வெல் தண்ணீரும் கரித்ததால் நல்ல தண்ணீர் லாரியில் வந்தது. குப்பத்துக் குழாயில் வெறும் காற்று வந்த நாளில்கூடப் பாய்க்கு லாரி தவறாமல் வந்தது என்பதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கடல் காற்று பலமாக அடித்தால் புல் நுனியில் உப்புப் படியும். அதை உடனே கழுவிவிட வேண்டும். சார் இதையெல்லாம் ஒரு தடவை செய்து காட்டினார், மாலதி பிடித்துக்கொண்டாள். "இந்தப் புல்லுக்குப் பேரு பெர்முடா" என்றார். "நம்ம அருகம்புல்லு மாதிரியே கீது சார்" என்றாள் அவள். "சொந்தக்காரங்கதான்" என்று சார் சிரித்தார்.

எல்லா வேலையும் முடிந்தபிறகு அவள் பனைமரத்து மூலைக்குப் போய் உட்காருவாள். உள்ளங்கையை விரித்துப் புல்லின் மேல் வைப்பாள். பிறகு மெல்லத் தட்டுவாள். குழந்தையைத் தூங்கவைக்கிறவர்கள் தட்டுகிற தட்டு அது.

அவளுடைய பெண்குழந்தை அந்த மூலையில்தான் இருந்தது.

புயலில் பிறந்த குழந்தை. பங்களா வருவதற்கு முன்னால், ஒரு கார்த்திகையில் அடித்த புயலில் ஏரி ஊருக்குள் வந்துவிட்டது. குப்பமே பள்ளிக்கூடத்து மாடியில் ஏறி உட்கார்ந்திருந்தது. மாலதிக்கு மாதம் நிறையவில்லை. ரோடு தண்ணீருக்கடியில், ஆம்புலன்ஸ் வர வழியில்லை. நாலு பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடிக்க, சரோஜாதான் பிரசவம் பார்த்தாள். பிள்ளை ஒரு பகலும் ஒரு ராத்திரியும்தான் இருந்தது. சத்தமாக அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டே இருந்துவிட்டு, மறுநாள் விடியும்போது அடங்கிவிட்டது. பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் கூப்பிட்டு அழ ஒரு பெயராவது இருந்திருக்கும்.

பச்சைக் குழந்தையை எரிக்கமாட்டார்கள். புதைத்து, நாய் நரி தோண்டாமலிருக்க மேலே முள் வெட்டிப் போடுவார்கள். பெண்கள் கூடப் போகிற வழக்கமும் இல்லை. ரஞ்சித் தன் நைனாவின் பழைய வேட்டியில் குழந்தையைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி படகில் ஏறினான். ரஞ்சித் அவள் புருஷன்; அப்போது ஏரியில் படகு வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தான். காலையில் போனவன் பொழுது சாய்ந்துதான் திரும்பினான். காய்ச்சலில் கிடந்த மாலதி கண்ணைத் திறந்ததும் கேட்டாள்.

"எங்கய்யா வெச்ச?"

"மேட்டுல."

"எந்த மேட்டுல?"

"அதான், ரோட்டாண்ட யாரோ மண்ணு கொட்டி வெச்சுக்கீறாங்களே, அந்த மேடு. பனைமரத்தாண்ட."

"முள்ளு போட்டியா?"

"போட்டேன். நீ தூங்கு."

சுடுகாடு முழுகிக் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் தண்ணீருக்கு மேலே தெரிந்தது அந்த மேடு ஒன்றுதான். யாரோ பட்டணத்துக்காரர் மனை வாங்கி, மண் அடித்து உயர்த்திப் போட்டிருந்தார். குழந்தை ஈரத்தில் இல்லை, மேட்டில் இருக்கிறது என்பது மாலதிக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். தண்ணீர் வடிந்து, எழுந்து நடக்க முடிந்ததும் நேராக அங்கேதான் போனாள். பனையடியில் காய்ந்த முள் கிளைகள் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து, மார்பில் கட்டிய பால் வலிக்க வலிக்க வாய்விட்டு அழுதுவிட்டு வந்தாள்.

பிறகு அந்த மனைக்கு மதில் வந்தது, பங்களா எழும்பியது. கொல்லைப்புறத்தில் என்னவோ புல் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வெளியே சொல்லவும் பயம். வீட்டுக் கொல்லையில் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் எந்தப் பணக்காரன் வைத்துக்கொள்வான்? எடுத்து அந்தாண்டை போடச் சொல்வான். வேலையாட்கள் மண்ணைக் கிளறிய நாளெல்லாம் மதிலோரம் நின்றுகொண்டே இருந்தாள். அவர்கள் அரை முழத்துக்கு மேல் தோண்டவில்லை. ஜல்லி போட்டார்கள், மணல் போட்டார்கள், பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்தார்கள். தன் பிள்ளைக்குப் போர்வை போர்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கே கேட்டைத் தட்டி, "சார், இந்தப் புல்ல நான் பாத்துக்கறேன்" என்றாள். ஏரியில் இறங்குவதை அதோடு விட்டாள்.

வேலைக்கு வந்த முதல் வருஷம், குழந்தையின் நினைவு நாளில் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தாள். வீட்டிலிருந்து ஒரு சொம்பு பால் கொண்டுபோய் அந்த மூலையில் ஊற்றிவிட்டாள். பிள்ளைக்குப் பால் ஊற்றவேண்டும் என்று தோன்றிய மனசுக்கு, புல் பால் குடிக்காது என்று தோன்றவில்லை. நாலைந்து நாளில் அந்த இடம் பழுப்பாகி, புளித்த நாற்றம் அடித்தது. சனிக்கிழமை வந்த சார், "ஐயையோ, நோய் விழுந்துடுச்சே" என்று பதறி, மண்டையோடு படம் போட்ட மருந்துப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பிள்ளை தலைமேல் விஷத்தைத் தெளிப்பாளா? பொட்டலத்தை ஷெட்டில் ஒளித்துவிட்டுத் தரையோடு தரையாகக் குனிந்து, செத்த புல்லை விரலாலேயே கிள்ளி எடுத்தாள். கழுவினாள், மணல் தூவினாள், ஓரத்துப் புல்லைப் பிரித்துவந்து ஒட்டினாள். துளிர்த்து வந்தபோது சார் மருந்தைப் புகழ்ந்தார். அடுத்த வருஷத்திலிருந்து பாலை விரல் நுனியில் தொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய கண்டம் குழி வெட்டுவதில் வந்தது. குழி ஒரே இடத்தில் இருந்தால் அதைச் சுற்றி நடந்து நடந்து புல் தேய்ந்துவிடும். அதனால் வாராவாரம் இடம் மாற்ற வேண்டும். அதற்கென்று வாயகன்ற இரும்புக் குழாய் ஒன்று உண்டு. புல்மேல் வைத்துத் திருகி அழுத்தினால், புல்லும் மண்ணுமாக ஓர் உருளை வெளியே வரும். அதைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் அடைத்து, கையால் தட்டித் தண்ணீர் விட்டால் ஒட்டிக்கொள்ளும். மாலதி எல்லாப் பக்கமும் குழி மாற்றினாள், பனைமரத்து மூலைக்கு மட்டும் போகவில்லை. சார் கவனிக்காமல் இருப்பாரா?

"அந்த மூலைப் புல்லுதான் பட்டு மாதிரி இருக்கு. அங்க ஏம்மா குழி வெக்கவே மாட்டேங்கறே?"

"பனை வேர் ஓடுது சார். குழாய் எறங்காது."

"எறங்குதான்னு பாப்போம், கொண்டா" என்று அவரே குழாயை வாங்கிக்கொண்டு போய் அந்த மூலையில் ஊன்றினார். வேராவது ஒன்றாவது! குழாய் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கத் தொடங்கியது. மாலதி ஓடிவந்து, குழாயைப் பிடித்திருந்த அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "வேணாம் சார். உங்க கால்ல விழறேன், இங்க வேணாம்."

சார் அவள் முகத்தைப் பார்த்தார். வேலைக்காரி தொட்டுவிட்டாளே என்று கோபப்படுகிற ஆள் இல்லை அவர். குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இங்க ஏதாவது சாமி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா சார்" என்றாள் மாலதி. அவளைப் பொறுத்தவரை அது பொய் இல்லை.

கப்பல்காரர்களுக்குச் சாமி பயம் உண்டு. அதற்கப்புறம் பந்து அந்த மூலைக்கு உருண்டுபோனால், ராஜேந்திரன் சார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு போய் எடுத்துவருவார். அதை முதல்தடவை பார்த்தபோது மாலதி மெஷின் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஊரான் ஒருவன் செருப்பைக் கழற்றுகிறான், பெற்றவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ரஞ்சித் அந்தப் பச்சை கேட்டுக்குள் காலை வைத்ததே இல்லை. புயலுக்கு அப்புறம் படகை விற்றுவிட்டு, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்துகொண்டான். படகோடு மீனையும் விட்டான். ஏரி மீன், கடல் மீன், கருவாடு, எதையும் வாயில் வைப்பதில்லை. "இன்னாடா, பூணூல் எப்போ போடப்போற?" என்று ஊர் கிண்டலடித்தது. முட்டையும் சாம்பாருமாகத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான். அதற்கப்புறம் அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது.

ஒருநாள் சரோஜா கொடுத்த இறாலைக் குழம்பு வைத்து, வேண்டுமென்றே அவன் சோற்றில் ஊற்றினாள். அவன் தட்டைத் தள்ளினான். "தின்னு" என்றாள். "இன்னாத்துக்கு இந்த வேஷம்? புள்ள அங்க கெடக்குது, ஒரு நாள் வந்து பாத்தியா நீ? கல்லுய்யா. நீ மனுசனே இல்ல, கல்லு." அவன் அவளையே பார்த்துக்கொண்டு ஒரு வாய் அள்ளித் தின்றான். தின்றவன் அப்படியே எழுந்து வாசலுக்கு ஓடிக் குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்தான். மாலதி தண்ணீர்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. அவ்வளவு வெறுப்பு அன்றைக்கு.

இப்படியே வருஷங்கள் போயின. இந்த வருஷம் சாரால் பந்து தட்டக் குனிய முடியவில்லை. டாக்டர் முதுகுக்குக் கச்சை போட்டுவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகள் பேரப்பிள்ளைகளோடு லீவுக்கு வரப்போகிறாள். மாலதியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே இருந்தாள், சார் பேச ஆரம்பித்தார்.

"புல்லை எடுத்துடலாம்னு இருக்கேன் மாலதி. பிள்ளைங்க நீச்சல் குளம் கேக்குதுங்க. வியாழக்கிழமை ஜேசிபி வருது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, குளத்தை நீயே பாத்துக்கலாம். அந்த மூலைச் சாமிக்கு ஒரு பூஜை போட்டு, வேற இடத்துக்கு மாத்திடலாம். என்ன சொல்ற?"

"குளம் ஆழமா இருக்குமா சார்?"

"ஆளுயரம் இருக்கும்மா."

ஆளுயரம். மாலதி தலையை ஆட்டினாள். வீட்டுக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வந்தவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஜேசிபியின் வாயில் பிள்ளை போவதற்குள் எடுத்துவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு பிடி மண்தான். அந்த ஒரு பிடி மண்ணானாலும் அது அவளுடையது. பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போய்ப் புது வெள்ளைத் துணி வாங்கினாள், மஞ்சள் வாங்கினாள், ஒரு சின்ன மண் கலயம் வாங்கினாள். வீட்டுக்குப் பின்னால் முருங்கையடியில் இடம் பார்த்துப் பெருக்கி வைத்தாள். சார் சென்னைக்குக் கிளம்பிப்போன மறுநாள் மத்தியானம், ரஞ்சித் முன்னால் போய் நின்றாள்.

"பாப்பாவ எடுத்துக்கினு வந்துடணும். நீதான் வெச்ச, எங்கன்னு சரியா காட்டு. இது ஒண்ணாவது எனக்காகச் செய்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவன், புல் தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டான். புது இடத்துக்கு வந்த ஆள் போல் வெறித்துப் பார்த்தான், பனையை, புல்லை, குழியில் ஆடுகிற சிவப்புக் கொடியை.

"காட்டுய்யா."

மாலதி பொறுத்துப் பார்த்துவிட்டு ஷெட்டிலிருந்து இரும்புக் குழாயைக் கொண்டுவந்தாள். பனைமரத்து மூலையில், ஒருநாளும் குழி விழாத அந்தப் பட்டுப் புல்லில், தானே ஊன்றித் திருகினாள். ஓர் உருளை வந்தது. மணலும் கறுப்பு மண்ணும். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழிக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஏரிச் சேற்றில் இறால் தேடிய கை அது. எது கல், எது கிளிஞ்சல், எது உயிர் என்று தொட்டாலே தெரியும். ஜல்லிதான் தட்டுப்பட்டது. தள்ளி இன்னொரு குழி. மறுபடி மணல். இன்னொன்று. முடியெல்லாம் அவிழ்ந்து முகத்தில் விழ, மண் பூசிய கையாலேயே ஒதுக்கிக்கொண்டு, "அம்மா வந்துட்டேன்டி, எங்கடி கீற, அம்மா வந்துட்டேன்" என்று முனகியபடி தோண்டினாள். இத்தனை வருஷம் ஒரு புல்கூடச் சாயாமல் பார்த்துக்கொண்ட இடம் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

"நோண்டாத மாலதி" என்றான் ரஞ்சித். "அங்க இல்ல."

"பின்ன எங்க? பனைக்கு அந்தாண்டயா?"

"இங்க எங்கயுமே இல்ல."

அவள் குழாயைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான். புல்லின் ஓரத்தில், வெளியே, செம்மண்ணில்.

"இங்கதான் வந்தேன் அன்னிக்கி. சத்தியமா இங்கதான் வந்தேன். முள்ளுகூட வெட்டிப் படகுல போட்டுக்கினு வந்தேன். ஊர்ல கீற நாயெல்லாம் இந்த மேட்டு மேல ஏறிக்கினு நின்னுச்சு மாலதி. வேற எடம் எங்க கீது அதுங்களுக்கும்? தின்னு நாளாச்சு. படகு கிட்ட வந்ததும் ஒண்ணா சேந்துக்கினு உறுமுது. முள்ளு போட்டா மட்டும் வுட்டுடுமா? இங்க வெச்சுட்டு நான் எப்படித் திரும்பி வருவேன்? சுடுகாட்டாண்ட போனேன். கழி போட்டா தரை தட்டல. வேற மேடு எதனா கீதான்னு சுத்துனேன். மழை வுடல. வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு. சொக்காய்க்குள்ள வெச்சுக்கினு சுத்திக்கினே இருந்தேன், சாயங்காலம் வரைக்கும்."

"அப்பறம்?"

"நங்கூரத்துக்குக் கட்டுற கல்லு இருந்துச்சு படகுல."

மாலதிக்கு மேலே கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள். "எந்த எடத்துல?"

"தெரியல. கண்ணுக்கெட்டுன வரைக்கும் தண்ணி. முகத்துவாரம் தொறந்துக்கினு எல்லாத்தையும் இஸ்துக்கினு போவுது. கண்ண மூடிக்கினுதான் வுட்டேன். நீ எங்க வெச்சேன்னு கேட்ட. மேடுன்னு வந்துடுச்சு வாயில. நீ அப்படியே கண்ண மூடித் தூங்கிட்ட. அப்பறம் இந்த வேலைக்கு வந்துட்ட. வந்து, கொஞ்சம் கொஞ்சமா சோறு தின்ன ஆரம்பிச்ச. நான் எப்படிச் சொல்லுவேன்?"

மாலதி எழுந்து வந்தாள். அவன் நெஞ்சிலும் தோளிலும் மண் கையால் அடித்தாள். அவன் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "இத்தினி வருஷம் யாருக்குய்யா பால் வெச்சேன் நான்? யாரத் தட்டித் தூங்கவெச்சேன்?"

பனையடியில் அன்றைக்கு அவள் பார்த்த முள்கூட வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கியதுதான். அவனுடைய மீன் தின்னாத வாயையும், சுவரைப் பார்த்துப் படுத்த முதுகையும், அந்த ஒரு வாய் இறாலையும் நினைத்தாள். அந்தச் சோற்றைத் தின்னவைத்தவள் தான்தான் என்ற நினைப்பு அவள் நெஞ்சைப் பிளந்தது. அவன் கல் இல்லை. அவளுக்கு ஒரு மூலையாவது இருந்தது, அவனுக்கு அதுவும் இல்லை.

"அத்தினி நாயா நின்னுச்சு?" என்று அவன் சட்டையை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"அத்தினி நாய்."

"அப்போ நீ பண்ணதுதான்யா சரி" என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

வெயில் இறங்கியபிறகு மாலதி திரும்பவும் பனைமரத்து மூலைக்குப் போனாள். தோண்டிப் போட்ட உருளைகளை எடுத்து அந்தந்தக் குழியில் வைத்து அடைத்தாள். வியாழக்கிழமை ஜேசிபி பெயர்க்கப்போகிற புல்லுக்கு எதற்கு இந்தச் சிங்காரம்? பழகிய கை கேட்கவில்லை, அவ்வளவுதான். ரஞ்சித் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே வந்து, வாளியில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினான்.

வியாழக்கிழமை சார் பூசாரியை அழைத்துவந்து தேங்காய் உடைத்தார். கச்சை போட்ட முதுகோடு, வெறுங்காலோடு நின்று கும்பிட்டார். மாலதி திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டாள். ஜேசிபி முதலில் பனைமரத்து மூலையிலிருந்துதான் தொடங்கியது. புல் ஒரே சுருளாகப் பிய்ந்து வந்தது, கீழே மணல், ஜல்லி, அதற்குக் கீழே மனையை உயர்த்தக் கொட்டிய சவுட்டு மண். அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மனசுக்குக் கஷ்டமா இருக்காம்மா?" என்று சார் கேட்டார்.

"இல்ல சார். அங்க ஒண்ணும் இல்ல."

"குளத்து வேலைக்கு எப்போ வர்றே?"

"தண்ணி வேலைன்னா எனக்கு ஏரியே கீது சார்" என்றாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். நல்ல மனுஷன், அவருக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.

மறுநாள் காலை சரோஜாவிடம் ஒரு பறி கேட்டு வாங்கினாள். பறி என்பது பனையோலையில் முடைந்த கூடை. அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்படுகிற இறாலை அதில் போடுவார்கள். பெண்கள் வரிசையாக ஏரியில் இறங்கினார்கள். மாலதியும் இறங்கினாள். தண்ணீர் முட்டி ஏறி, தொடை ஏறி, குனிந்தபோது கழுத்துக்கு வந்தது. முட்டி போட்டுத் தவழ்ந்து, உள்ளங்கை இரண்டையும் விரித்து அடிச் சேற்றின் மேல் வைத்தாள். தான் ஏரிக்கு வராத அத்தனை வருஷமும் பிள்ளை இங்கேதானே இருந்தது என்று நினைத்தாள். அம்மா புல்லைத் தட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

வரிசை முன்னே போய்விட்டது. சரோஜா தன் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்து, "இன்னாடி, இறால் புடிக்கக் கை மறந்துபோச்சா?" என்று கத்தினாள். பல்லில் பறி இருந்ததால் மாலதி பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீருக்கடியில் அவள் கை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நகர்ந்தாள், அங்கேயும் தட்டினாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். எந்த இடம் என்று தெரியாததால் எல்லா இடத்திலும் தட்டினாள்.